பாதை முடிந்தது, இறங்கித் தள்ளவும்!

சைக்கிள் ஓட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையினர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவார்கள். தலையில் கவசம், கையில் அரை விரல் உறை, உடம்போடு ஒட்டிய பனியன், கறுப்புக் கண்ணாடி (விடியற்காலையில்!). நாற்பது கிலோமீட்டர் மிதித்துப் போய் ஒரு காபி சாப்பிடுவார்கள். நாற்பது கிலோமீட்டர் திரும்பி வந்து, அதை எல்லோருக்கும் சொல்வார்கள். திங்கட்கிழமை காரில் ஆபீஸ் போவார்கள்.

இரண்டாவது வகையினர் திங்கட்கிழமையும் சைக்கிளில்தான் போவார்கள். ஹாண்டில்பாரில் தூக்குச் சட்டி தொங்கும். பின்னால் கேரியரில் மட்டப்பலகையும் கரணையும், அல்லது பால் கேன், அல்லது மாமனார். இவர்கள் எவ்வளவு தூரம் மிதித்தோம் என்று யாரிடமும் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

முதல் வகையினர் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. தொப்பை குறைவது நாட்டுக்கே நல்லது. ஆனால் 'சைக்கிளுக்குத் தனிப் பாதை' என்று யாராவது ஆரம்பித்தாலே, திட்டம் போடுகிறவர்கள் மனக்கண்ணில் இந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர்தான் வந்து நிற்கிறார். அதனால்தான் பாதை கடற்கரையில் வருகிறது, ஏரிக்கரையில் வருகிறது, பூங்காவைச் சுற்றி வருகிறது. கொத்தனார் காலையில் ஏரியைச் சுற்றி விட்டா வேலைக்குப் போகிறார்?

எங்கள் ஊரிலும் ஒரு பாதை போட்டார்கள். (ஊர்ப் பெயர் வேண்டாம். எழுதினால் ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிட்டு, 'அப்படி ஒன்று இல்லவே இல்லையே' என்று பதில் போட்டாலும் போடுவார்கள்.) நல்ல கிளிப்பச்சைப் பெயின்ட். முப்பது அடிக்கு ஒரு தடவை வெள்ளையில் சைக்கிள் படம். திறப்பு விழா அன்று பிரமுகர்கள் எல்லோரும் வந்தார்கள், காரில். வேறு இடம் இல்லாததால் காரை அந்தப் பச்சையின் மேலேயே நிறுத்தினார்கள். அன்று விழுந்த பிள்ளையார் சுழி இன்றுவரை அழியவில்லை.

ஒரு சாயங்காலம் அந்தப் பாதையை நடந்தே அளந்தேன். மொத்தம் 640 எட்டு. வழியில் கண்டவை: ஷேர் ஆட்டோ ஐந்து, இளநீர் வண்டி ஒன்று, சீவிய மட்டைகள் ஒரு குன்று, கட்சிக் கொடிக்கம்பம் இரண்டு (எதிரெதிர்க் கட்சிகள், ஆனால் ஒரே பீடத்து சிமென்ட்), மின்வாரியப் பெட்டி ஒன்று, சைக்கிள் படத்தின் மேலேயே சுருண்டு படுத்திருந்த நாய் ஒன்று. அதைத் தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மர். அதோடு பாதை முடிகிறது. 'முடிந்தது' என்று ஒரு பலகைகூட இல்லை. பச்சை நின்றுபோகிறது, அவ்வளவுதான். எதிரே ஊரிலேயே பெரிய நாற்சந்தி. நாலு பக்கமும் பஸ், லாரி, தண்ணீர் லாரி. இதுவரை பச்சையில் பத்திரமாக வந்தவரே, இனி உம் சாமர்த்தியம்!

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "எங்கேயிருந்து எங்கே போகுது அந்தப் பாதை?"

"பேக்கரியிலேர்ந்து டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும்."

"டிரான்ஸ்ஃபார்மருக்கு யாருங்க போவா, லைன்மேனைத் தவிர?"

ஒரு வரியில் ஒரு திட்ட அறிக்கையையே கிழித்துவிட்டாள்.

எதிர்வீட்டில் ஒரு ரிடையர்டு இன்ஜினீயர் இருக்கிறார். சாலை போடும் இலாகாவிலேயே முப்பது வருஷம் இருந்தவர். அவரிடம் இதைப் போய்ச் சொன்னேன். உள்ளே போய் மஞ்சளேறிய ஒரு புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வந்தார்.

"இதைப் பாருங்க தம்பி. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். 1962-ல போட்டது. சைக்கிள் பாதை எப்படிப் போடணும்னு தனிப் புத்தகம். நம்பர் 11."

எனக்கு ஆச்சரியம். 1962-லா! காரே ஊருக்கு நாலுதான் இருந்திருக்கும். அப்போதே சைக்கிளுக்குச் சட்டம் எழுதிவிட்டார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. மும்முரமான நேரத்தில் ஒரு சாலையில் மணிக்கு 200 மோட்டார் வண்டிகளுக்கு மேல் போனால், சைக்கிள் வெறும் 100 வந்தாலும் போதும், தனிப் பாதை போடுவது நியாயம். அகலம் குறைந்தது இரண்டு மீட்டர். 2015-ல் இந்தப் புத்தகத்தைத் திருத்திப் புதிதாகவும் போட்டிருக்கிறார்கள்.

"மணிக்கு 200 வண்டியா?" என்றேன். "நம்ம நாற்சந்தியிலே சிக்னல் ரெண்டு தடவை பச்சை காட்டினா 200 வண்டி போயிடுமே!"

"அதான் தம்பி. அந்தக் கணக்குப்படி பார்த்தா இன்னிக்கு ஊர்ல பெரிய ரோடு அத்தனைக்கும் சைக்கிள் பாதை இருக்கணும்."

"ஏன் சார் இல்லை?"

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "புத்தகம் இருக்கு இல்லே?" என்றார்.

'இந்தக் காலத்தில் சைக்கிளில் யார் போகிறார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்பவர்கள் பெரும்பாலும் காருக்குள்ளிருந்து கேட்கிறார்கள். அங்கிருந்து சைக்கிள் கண்ணில் படாது, ஹாரன் அடிக்கும்போது தவிர. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத் தொழிலும் போக மற்ற வேலைக்காரர்களிடம் கேட்ட கேள்வி. 100 பேரில் 13 பேர் சைக்கிள் என்றார்கள். ஸ்கூட்டர், மோட்டார் பைக், மொபெட் எல்லாம் சேர்த்தும் அதைவிட ஒரு மயிரிழை குறைவு! நாட்டில் சுமார் 45 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது. காரும் ஜீப்பும் சேர்த்து 5 சதவீத வீடுகளில்கூட இல்லை. சாலை மட்டும் யாருக்காக அகலமாகிறது என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன்.

அந்தக் காலத்தில் அரசாங்கத்துக்கு சைக்கிள் நன்றாகவே கண்ணுக்குத் தெரிந்தது. வருஷா வருஷம் நகராட்சியில் வரி கட்டி, ஒரு தகர வில்லையை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சைக்கிளைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவார். டபுள்ஸ் போனால் இறக்கிவிட்டுத் தோப்புக்கரணம் போடச் சொன்னவர்களும் உண்டு. (காற்றைப் பிடுங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பங்ச்சர் கடை இருக்கும். அது தற்செயல் என்று நம்புவோம்.) வரி போயிற்று, வில்லை போயிற்று. கூடவே கவனிப்பும் போய்விட்டது.

கவனித்த ஊர் ஒன்று இல்லாமலில்லை. கொல்கத்தா. 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளே வரக் கூடாது என்று தடை போட்டார்கள். பால்காரரும் பேப்பர்காரரும் என்ன செய்வார்கள்? சந்து சந்தாகச் சுற்றினார்கள், மாட்டினால் அபராதம் கட்டினார்கள். போக்குவரத்து நெரிசலுக்குக் காரணம் சைக்கிள்தான் என்று கண்டுபிடித்த மூளையை மியூசியத்தில் வைக்க வேண்டும்.

தடை போடாத ஊர்களில் தடை வேறு மாதிரி விழுகிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு ஒரே மகள். ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, பிறகு எல்லோருக்கும் என்று ஆன திட்டம். இலவசம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் கவனிக்க: இதையே பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் செய்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்று இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் அதை ஆராய்ந்து 2017-ல் எழுதினார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்களாம். அதிலும் பள்ளிக்கூடம் தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். இரண்டு சக்கரம், ஒரு சங்கிலி, ஒரு பெண்ணின் படிப்பு!

நம் புதுக்கோட்டைக்காரர்கள் இதை அதற்கும் முன்னாலேயே கண்டுபிடித்தவர்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலமே போனார்கள். சில பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேண்டும் என்றார்களாம். முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! சைக்கிள் கம்பெனி இன்ஜினீயருக்கு இது தோன்றியிருக்காது.

சரி, இட்லிக் கடைக்கு வருவோம். மகளின் பள்ளிக்கூடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். காக்காய்க்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. முன்பு அங்கே ஒரு லெவல் கிராஸிங் கேட் இருந்தது. ரயில் வந்தால் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். வெள்ளரிப் பிஞ்சு விற்கும், அரசியல் பேசலாம், பாதிக் கல்யாணப் பேச்சு வார்த்தை அங்கேதான் நடந்தது. பிறகு மேம்பாலம் கட்டினார்கள். ஊரே கைதட்டியது, நானும்தான். பாலம் திறந்த கையோடு கேட்டை எடுத்துவிட்டுக் குறுக்கே சுவர் வைத்தார்கள்.

பாலத்தில் லாரி, பஸ், கார் எல்லாம் விர்ரென்று போகின்றன. சைக்கிள் என்ன செய்யும்? ஏறவும் முடியாது, பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளவும் இடம் கிடையாது. இடது பக்கம் கைப்பிடிச் சுவர், வலது பக்கம் பஸ், நடுவே ஒரு பதினாறு வயதுப் பெண்.

"போன மாசம் பஸ்ஸு உரசிடுச்சு சார்," என்றார் அக்கா, சட்னி ஊற்றிக்கொண்டே. "ஹாண்டில்பார்லதான் பட்டுச்சு. சுவத்துப் பக்கமா விழுந்தா, பொழைச்சா. அந்தப் பக்கம் விழுந்திருந்தா..." கரண்டி அப்படியே நின்றது. "சைக்கிளை வித்துடலாம்னு பார்க்கிறேன்."

"சைக்கிள் இல்லாம ஸ்கூல்?"

"அவங்க அப்பா, படிச்ச வரைக்கும் போதும்கிறார்."

எனக்கு அந்த இட்லி இறங்கவில்லை.

இன்ஜினீயரிடம் போனேன். இந்தத் தடவை அவர் புத்தகம் எடுக்கவில்லை, ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்தார். அவர் போட்டுக் காட்டிய படம் ரொம்ப எளிமை. ஏன் இதை யாரும் யோசிப்பதில்லை என்று தோன்றும் அளவுக்கு எளிமை.

"ரயில் உசரம். மேலே கரண்ட் கம்பி வேற. அதுக்கு மேல பாலம் போகணும்னா தண்டவாளத்திலேர்ந்து 20 அடிக்கு மேல இடம் விடணும். உத்தரத்தோட கனத்தையும் சேர்த்தா 25 அடின்னு வெச்சுக்குங்க. 30 அடி போனா 1 அடி ஏத்தம்னு சரிவு கொடுத்தா, ஒரு பக்கம் மட்டும் 750 அடி ஏறணும். லாரிக்கு அது ஒண்ணுமே இல்லை. மிதிக்கிறவனுக்கு?"

"மூச்சு முட்டும்."

"இப்ப மனுஷனைப் பாருங்க. ஆறடி. சைக்கிள்ல உட்கார்ந்தாலும் எட்டடி உசரம் இருந்தா தலை தட்டாது. அவனை ரயிலுக்கு மேல ஏத்தறதை விட்டுட்டு, கீழ விட்டா? அந்த எட்டடியும், மேல கூரையோட கனமும்தான் பள்ளம். முதல்ல இறக்கம். இறங்கற வேகத்திலேயே பாதி ஏத்தம் தானா ஏறிடும். பாலத்துல முதல்ல ஏத்தம், அப்புறம்தான் இறக்கம். எது சுகம்?"

சைக்கிளுக்கும் நடைக்கும் மட்டுமாக ஒரு சின்ன சுரங்கப்பாதை. லாரி போக வேண்டிய அவசியமில்லாததால் சின்னதாகவே கட்டலாம், செலவும் அதற்குத் தக்கபடிதான். ஒரே வில்லன், மழை. நம் ஊர் சுரங்கப்பாதைகள் ஐப்பசி மாதம் தெப்பக்குளமாகிவிடும் என்பது உலகறிந்த விஷயம். "வடிகால், தொட்டி, பம்ப் மூணும் எஸ்டிமேட்லயே இருக்கணும் தம்பி. மழை வந்தப்புறம் யோசிக்கிறதுக்கு அது குடை இல்லை," என்றார்.

நம்மைப் போலவே பாதை போட்டுப் பார்த்து, அது ஏன் ஓடவில்லை என்று உட்கார்ந்து யோசித்த தேசம் ஒன்று உண்டு. ஹாலந்து. அங்கே பிறக்கும்போதே குழந்தை சைக்கிளோடு பிறக்கிறது, அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்றெல்லாம் நம்மவர்கள் சொல்வது வழக்கம். அது சரியில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பணம் சேரச் சேர அவர்களும் கார் வாங்கினார்கள், சாலையை அகலப்படுத்தினார்கள், சைக்கிளை ஓரம் கட்டினார்கள். 1971-ல் மட்டும் அந்தச் சின்ன தேசத்தில் சாலையில் செத்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கி உட்கார்ந்தார்கள். அந்த இயக்கத்தின் பெயரே 'குழந்தைக் கொலையை நிறுத்து'. 'விபத்து' என்று சொல்ல மறுத்துவிட்டார்கள், கவனித்தீர்களா? 1973-ல் பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, நவம்பரில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் காரே ஓடக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. நெடுஞ்சாலையில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் போனார்கள்.

அப்புறம்தான் பாடம். எழுபதுகளில் ஹேக், டில்பர்க் என்ற இரண்டு நகரங்களில் அரசாங்கச் செலவில் மாதிரிக்காக ஆளுக்கொரு பெரிய சைக்கிள் சாலை போட்டார்கள். அற்புதமான சாலை. ஏற்கெனவே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர்கள் பக்கத்துத் தெருவை விட்டு இதற்கு வந்தார்கள். புதிதாக சைக்கிள் ஏறியவர்கள் பெரிதாக இல்லை. வீட்டிலிருந்து அந்தச் சாலைக்கு வருவதும், அதிலிருந்து கடைக்குப் போவதும் பழையபடியே பயமாக இருந்தால் நடுவில் மட்டும் பட்டு விரித்து என்ன பிரயோஜனம்? எண்பதுகளில் டெல்ஃப்ட் என்ற ஊர்க்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ஒரே ஒரு ராஜபாட்டையாகப் போடாமல் வலையாகப் பின்னினார்கள். ஊர் முழுக்க ஒரு வலை, பேட்டைக்குள் ஒரு வலை, தெருக்களுக்குள் ஒரு சின்ன வலை. எங்கெங்கே அறுந்திருந்ததோ, கால்வாயோ ரயிலோ குறுக்கிட்டதோ, அங்கங்கே ஒரு பாலம், ஒரு சுரங்கப்பாதை என்று முடிச்சுப் போட்டார்கள். அங்கேதான் சைக்கிள் கூடியது.

சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்கு இது புத்தகம் படிக்காமலேயே தெரியும். சங்கிலியில் நூறு கண்ணி நன்றாக இருந்து ஒரு கண்ணி விட்டுப்போனால் வண்டி முக்கால்வாசி வேகத்தில் போகுமா என்ன?

தில்லியிலும் ஒரு பரீட்சை நடந்தது. 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர். பஸ்ஸுக்கு நடுவில் தனி வழி, ஓரத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை. பஸ் பயணிகளும் சைக்கிள்காரர்களும் சந்தோஷப்பட்டார்கள். கார்க்காரர்கள் கோபப்பட்டார்கள். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். 2016-ல் இடித்துவிட்டார்கள். இருந்தவரை அந்த சைக்கிள் பாதைக்குள் மோட்டார் பைக் நுழைந்துகொண்டே இருந்தது. நுழையாமல் தடுக்கக் கம்பம் நட்டால் அதில் இன்னொரு சிக்கல்: பைக் நுழைகிற இடுக்கில்தான் சைக்கிளும் நுழையும். அதைக் குறுக்கினால் மூன்று சக்கர மீன்பாடி வண்டி வெளியே நின்றுவிடும். அவரும் மிதிக்கிறவர்தானே? ஆகவே பாதையை அகலமாகப் போட்டு, பைக்காரரைப் போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வேறு மந்திரம் இல்லை.

எல்லாத் தெருவுக்கும் பச்சைப் பெயின்ட் வேண்டாம் என்பதும் அந்த வலைக்காரர்கள் கண்டதுதான். சின்னத் தெருவில் காரை 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் அடக்கிவிட்டால் போதும், தனிப் பாதையே தேவையில்லை. பெரிய சாலையில்தான் வேண்டும். அங்கேயும் சாவு நேரான இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை, திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் 'ஃப்ரீ லெஃப்ட்' என்று ஒன்று இருக்கிறதே, சிக்னல் சிவப்பாக இருந்தாலும் இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கலாம் என்பது. அந்த இடது ஓரத்தில்தான் சைக்கிள்காரர் நேரே போகக் காத்து நிற்கிறார். லாரி டிரைவரின் உயரத்திலிருந்து அவர் தெரியவே மாட்டார். அந்தத் திருப்பத்தை அடைத்து, முனையில் ஒரு சின்னத் திட்டு வைத்துவிட்டால் லாரி அகலமாக, மெதுவாகத்தான் திரும்ப முடியும். சைக்கிளுக்கு நிறுத்தக் கோட்டைப் பத்தடி முன்னால் தள்ளி வைத்தால் டிரைவர் கண்ணில் படுவார். பஸ் ஸ்டாப்பில் பாதையை நிழற்குடைக்குப் பின்னால் கொண்டுபோனால் பஸ் வந்து அணைக்காது. மழைநீர்க் கால்வாய் மூடியின் கம்பிகளைச் சக்கரம் போகிற வாக்கில் வைக்காமல் குறுக்கே வைத்தால் முன் சக்கரம் மாட்டி ஆள் தலைக்குப்புற விழ மாட்டார். இந்தக் கடைசி யோசனைக்கு ஆகும் செலவு, மூடியைத் திருப்பிப் போடும் கூலி.

கொள்கைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமாக ஒரு கொள்கையை நிறைவேற்றியது. இந்தியாவிலேயே முதல் ஊர் என்று பெயர். போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கே என்று அதில் இருக்கிறது. 60 சதவீதம்! படித்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். 2018-க்குள் நடக்கிறவரோ சைக்கிளில் போகிறவரோ ஒருவர்கூடச் சாலையில் சாகக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள். 2018 வந்து, நம்மையெல்லாம் பார்த்துவிட்டு, போய்விட்டது.

எங்கள் மேம்பாலத்துக்குத் திரும்புகிறேன். சுரங்கப்பாதை வருகிறபோது வரட்டும். பாலத்தின் பக்கவாட்டில் நடப்பவர்களுக்கு என்று ஒரு படிக்கட்டு இருக்கிறது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதில் ஏறுகிறவர்களை தினமும் பார்க்கிறேன். நாற்பது கிலோ அரிசி மூட்டையோடு ஒருவர் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். ஏற முடியாதவர்கள் சுவரில் உடைத்த ஓட்டை வழியாகத் தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள். 1989 ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி அது குற்றம், ஆறு மாதம் வரை உள்ளே போகலாம்.

"படிக்கட்டோட ஓரத்துல அஞ்சு அங்குல அகலத்துக்கு சிமென்ட்ல ஒரு வாய்க்கால் மாதிரி சரிவாப் போட்டா போதும்," என்றார் இன்ஜினீயர். "சக்கரத்தை அதுல வெச்சு உருட்டிக்கிட்டே ஏறிடலாம். நாலு மூட்டை சிமென்ட், ஒரு கொத்தனார், ரெண்டு சித்தாள். ரெண்டு நாள் வேலை."

மனு எழுதினோம். அவர் படம் வரைந்தார், நான் தமிழ் போட்டேன், இட்லிக் கடை அக்கா முதல் கையெழுத்து. மொத்தம் 212 கையெழுத்து. ஒரு துறையிலிருந்து பதில் வந்தது: படிக்கட்டு தங்கள் எல்லைக்குள் வரவில்லை. இன்னொரு துறையிலிருந்தும் வந்தது: படிக்கட்டு தங்கள் எல்லைக்குள்ளும் வரவில்லை. அப்படியானால் அது யார் படிக்கட்டு? இத்தனை நாளும் எங்கள் ஊரில் அநாதையாக நின்றுகொண்டிருக்கிறது பாவம். மூன்றாவதாக ஓர் இடத்துக்கு எழுதியிருக்கிறோம்.

அக்கா மகள் இப்போது ப்ளஸ் டூ. சைக்கிளை விற்கவில்லை. அவள் தாய்மாமா பழைய ஹெர்குலஸ் ஒன்றைத் தட்டிக் கொட்டிச் செயின் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அரசாங்க சைக்கிளை மிதித்து வந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் விடுகிறாள். படியேறி நடந்து அந்தப் பக்கம் இறங்குகிறாள். அங்கே ஸ்டாண்டில் நிற்கும் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். சாயங்காலம் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளவும். ஸ்டாண்டுக்கு மாதம் 150 ரூபாய்.

"ரெண்டு வண்டிக்கும் காத்தடிக்கணும் சார், அதான் பேஜார்," என்றாள்.